கண் முன்னுக்குத் தள்ளினால் பழைய படத்தைத் தேடி எடுங்கள்

(யாழ்ப்பாணத்துக்கு வந்திருந்த எமது தோட்டங்களின் சுகாதாரத் தொண்டர்களுக்கும் அவர்களது குடும்பத்தினருக்கும் மானிப்பாயில் நடந்த கூட்டத்தில், ஓய்வுபெற்ற கதிர்ப்படப்பிடிப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

மலைநாட்டிலிருந்து இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள். நேற்றுக் கீரிமலையில் நீராடினீர்கள், இன்று காலையில் நுங்கு சாப்பிட்டீர்கள் என்று கேள்விப்பட்டேன். நல்லது. அந்த நுங்கை மறந்துவிடாதீர்கள். அதை வைத்துத்தான் இந்தப் பேச்சைத் தொடங்கப் போகிறேன்.

நான் டொக்டர் அல்ல. ஆஸ்பத்திரியிலே எக்ஸ்ரேயும் ஸ்கானும் எடுக்கிற வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஆகவே மருந்து சொல்ல மாட்டேன். படம் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதை மட்டும் சொல்லுகிறேன். அதிலும் ஒரே ஒரு விஷயம். கண்ணுக்குப் பின்னால் ஒரு கட்டி வளர்ந்தால், அது சாதாரணக் கட்டியா, புற்றுநோய்க் கட்டியா என்று படத்தை வைத்து எப்படிப் பிரித்துப் பார்க்கிறார்கள் என்ற விஷயம்.

இது தடிமன் காய்ச்சல் போல அடிக்கடி வருகிற வருத்தம் அல்ல. ஆனால் வந்துவிட்டால் வீட்டிலே இரண்டில் ஒன்று நடக்கும். ஒன்று, "ஐயோ, கான்சர்" என்று பயந்து மூடி மறைப்பார்கள். மற்றது, "காற்றுப் பட்டிருக்கும், தானாக வற்றிப்போகும்" என்று பேசாமல் இருப்பார்கள். இரண்டுமே பிழை. ஏனெண்டால், கண்ணுக்குப் பின்னால் வருகிற எல்லாக் கட்டியும் புற்றுநோய் அல்ல. சாதாரணக் கட்டிகளும் வீக்கங்களும் நிறைய உண்டு. ஆனால் எது எது என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது.

நுங்கும் கண்ணும்

நுங்கைத் தோண்டி எடுத்த பிறகு பனங்காயைப் பார்த்திருப்பீர்கள். சுற்றிவரக் கெட்டியான ஓடு, நடுவிலே ஒரு குழி. நுங்கு அந்தக் குழிக்குள்ளே அளவாக உட்கார்ந்திருக்கும். நம்முடைய கண்ணும் அப்படித்தான். ஏழு எலும்புகள் சேர்ந்து ஒரு குழியாக அமைந்திருக்கின்றன. முன்பக்கம் அகலம், பின்பக்கம் ஒடுக்கம். பெரிய ஆளின் கண்குழிக்குள் ஏறத்தாழ 30 மில்லி லீற்றர்தான் கொள்ளும். ஆறு தேக்கரண்டித் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கோ. அதற்குள்ளேதான் கண்ணும், அதை அசைக்கிற தசைகளும், பார்வை நரம்பும், இரத்தக் குழாய்களும், கண்ணீர்ச் சுரப்பியும், மெத்தை போலக் கொழுப்பும் இருக்கின்றன.

சுற்றிவர எலும்பு. புதிதாக ஒரு பொருள் உள்ளே வந்தால் கண் எங்கே போகும்? திறந்திருக்கிற பக்கம் முன்பக்கம் மட்டும்தான். ஆகவே கண் முன்னுக்குத் தள்ளும். கட்டி மேலே இருந்தால் கண் கீழே இறங்கும், உள்மூலையில் இருந்தால் வெளிப்பக்கம் விலகும். சிலருக்கு ஒரு பொருள் இரண்டாகத் தெரியும். சிலருக்குப் பார்வை மங்கும்.

முதல் படம் வீட்டிலே இருக்கிறது

ஸ்கானுக்கு முந்தி ஒரு படம் இருக்கிறது. அதற்குக் காசு வேண்டாம், மெஷினும் வேண்டாம். உங்கள் அடையாள அட்டைப் படம், கலியாணப் படம், பிள்ளையின் பிறந்தநாள் படம், இவைதான் அது.

ஒரு ஆச்சி வந்தா. கண் ஒரு பக்கம் தள்ளியிருந்தது. "போன மாதம்தான் தம்பி தொடங்கினது" என்று சொன்னா. டொக்டர் ஆச்சியின் அடையாள அட்டையை வாங்கி உற்றுப் பார்த்தார். பல வருடத்துக்கு முன்பு எடுத்த அந்தப் படத்திலேயே அந்தக் கண் கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தது. அதாவது, கட்டி மெல்ல மெல்ல, ஆண்டுக்கணக்கில் வளர்ந்திருக்கிறது. பொதுவாக மெல்ல வளருவது சாதாரணக் கட்டியின் குணம். ஸ்கானிலும் அப்படித்தான் வந்தது. இரத்தக் குழாய்கள் சேர்ந்து உருண்டையாகத் திரண்ட கட்டி, புற்றுநோய் அல்ல.

இன்னொரு பக்கம், ஒரு பையன். கண்ணிலே பந்து பட்டது என்று வீட்டார் சொன்னார்கள். வீக்கம் நாளுக்கு நாள் கூடியது. இலையை அரைத்துப் பூசி மூன்று கிழமை பார்த்திருக்கிறார்கள். பந்து பட்ட வீக்கமென்றால் மூன்று கிழமையில் வற்றியிருக்க வேண்டும், கூடியிருக்கக் கூடாது. அது தசையில் தோன்றுகிற, பிள்ளைகளுக்கு வருகிற, வேகமாக வளருகிற புற்றுநோய். சிகிச்சை நடந்தது, பிள்ளை பிழைத்துக்கொண்டான். ஆனால் அந்தக் கண்ணின் பார்வை முன்னைப் போல இல்லை. அந்த மூன்று கிழமையை இன்னும் நான் மறக்கவில்லை.

ஆகவே வேகம்தான் முதல் கேள்வி. நாள்கணக்கா, மாதக்கணக்கா, ஆண்டுக்கணக்கா? இதற்குப் பதில் சொல்லக்கூடியவர்கள் நீங்கள்தான். எந்த மெஷினும் அதை அறியாது.

தொட்டுப் பார்த்த காலமும் வெட்டிப் பார்த்த காலமும்

நாம் கூடியிருக்கிற இந்த மானிப்பாய்க்கு ஒரு பெருமை உண்டு. 1847இல் அமெரிக்காவிலிருந்து சாமுவேல் பிஸ்க் கிறீன் என்ற டொக்டர் யாழ்ப்பாணம் வந்தார். இங்கேயே நம்முடைய பிள்ளைகளுக்குத் தமிழிலேயே வைத்தியம் படிப்பித்தார். "இரண வைத்தியம்", "மனுஷ அங்காதிபாதம்" என்று பெரிய பெரிய மருத்துவ நூல்களைத் தமிழிலே கொண்டுவந்தார். அவர் பேரால் இன்றும் இங்கே ஆஸ்பத்திரி இருக்கிறது. ஆனால் கிறீன் டொக்டர் காலத்தில் கண்ணுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்க வழியே இல்லை. தொட்டுப் பார்க்கலாம், இல்லாவிட்டால் வெட்டிப் பார்க்கலாம். அவ்வளவுதான்.

அவர் 1884இல் காலமானார். பதினொரு வருடம் கழித்து, 1895 நவம்பரில், ஜேர்மனியில் ரொண்ட்ஜன் எக்ஸ்ரே கதிரைக் கண்டுபிடித்தார். எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும். ஆனால் கொழுப்பு, தசை, நரம்பு, கட்டி எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து கலங்கிவிடும். அந்தக் குறையைத் தீர்த்தவர் இங்கிலாந்தில் ஹவுன்ஸ்ஃபீல்ட் என்ற இன்ஜினியர். இசைத்தட்டு வெளியிட்ட இ.எம்.ஐ. கம்பெனியில் வேலை பார்த்தவர். அவர் செய்த சி.ரி. ஸ்கான் மெஷினில் 1971 ஒக்டோபர் 1ஆம் திகதி முதன்முதலாக ஒரு நோயாளியின் தலையைப் படம் எடுத்தார்கள். அதற்காக 1979இல் அவருக்கும் கோர்மாக் என்பவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. பாணைத் துண்டு துண்டாக வெட்டி ஒவ்வொரு துண்டையும் பார்க்கிறது போல, தலையை வெட்டாமலே துண்டு துண்டாகப் பார்க்கிற வித்தை அது. பிறகு எம்.ஆர்.ஐ. வந்தது. அதற்கு எக்ஸ்ரே கதிரே இல்லை. பெரிய காந்தத்தை வைத்து, உடம்பிலுள்ள தண்ணீரைக் கொண்டு படம் எடுக்கும்.

படத்தில் என்ன பார்க்கிறார்கள்?

முதலாவது, ஓரம். சாதாரணக் கட்டி பெரும்பாலும் கோலிக்குண்டு போல உருண்டு, ஓரம் தெளிவாக இருக்கும். புற்றுநோய்க் கட்டி பக்கத்திலுள்ள கொழுப்புக்குள்ளும் தசைக்குள்ளும் புகுந்து, எது கட்டி எது தசை என்று தெரியாமல் கலந்து கிடக்கும்.

இரண்டாவது, எலும்பு. இதற்குச் சி.ரி. ஸ்கான்தான் கெட்டிக்காரன். தேயிலைச் செடியின் வேருக்குப் பக்கத்தில் ஒரு கல் இருந்தால் வேர் என்ன செய்யும்? கல்லைச் சுற்றி வளைந்து போகும். செடி சாகாது. அதே செடியின் தண்டுக்குள் கறையான் புகுந்தால்? உள்ளே அரித்துப் பொந்தாக்கிவிடும். சாதாரணக் கட்டி கல் போல. வருடக்கணக்காக அழுத்தி எலும்பைக் குழிவாக்கும், ஆனால் எலும்பின் மேற்பரப்பு வழவழப்பாகவே இருக்கும். புற்றுநோய்க் கட்டி கறையான் போல. எலும்பை அரிக்கும்.

மூன்றாவது, உள்ளே என்ன இருக்கிறது என்பது. பிள்ளைகளுக்குப் புருவத்தின் வெளிமூலையில் பிறவியிலேயே வருகிற ஒரு சதைப்பை உண்டு. அதற்குள் கொழுப்பு இருந்தால் சி.ரி. படத்தில் கறுப்பாகத் தெரியும். அது சாதாரணக் கட்டி, பயம் வேண்டாம்.

நான்காவது, கட்டி மருந்தைக் குடிக்கிற விதம். கையிலே ஊசி போட்டு ஒரு மருந்து ஏற்றிப் படம் எடுப்பார்கள். ஆச்சிக்கு இருந்தது போன்ற இரத்தக் குழாய்க் கட்டியில், முதலில் ஒரு மூலையில் மட்டும் மருந்து தெரியும். பிறகு மெல்ல மெல்ல முழுக் கட்டியும் நிரம்பும். பீலித் தண்ணீர் ஒரு நூலாக விழுந்து பெரிய தொட்டி நிரம்புகிறது போல.

ஐந்தாவது, எம்.ஆர்.ஐ.யில் மட்டும் பார்க்கக்கூடியது: கட்டிக்குள்ளே தண்ணீர் அசைகிற வேகம். கொழுந்து நிறுக்கிற நேரத்தில் ஆட்கள் நெருக்கி நின்றால் இடையிலே புகுந்து நடக்க முடியுமா? முடியாது. பல புற்றுநோய்க் கட்டிகளில் உயிரணுக்கள் அப்படித்தான் நெருக்கியடித்து நிற்கும், தண்ணீர் அசைய இடமிருக்காது. வயதானவர்களுக்குக் கண்குழியில் வருகிற நிணநீர்ப் புற்றுநோயில் இது நன்றாகத் தெரியும். அந்தக் கட்டி ரொட்டி மாவைக் கண்ணைச் சுற்றி அப்பிவிட்டது போலப் படிந்திருக்கும். பெரும்பாலும் நோகாது. நோகவில்லையே என்று விட்டுவிடக் கூடாது என்பதற்கு இது ஒரு சாட்சி. ஆனால் கதிர்ச் சிகிச்சைக்கு நன்றாகவே அடங்கக்கூடியது.

படம் பார்க்காமல் கத்தி வைக்கக்கூடாத கட்டி

கண்ணின் மேல்பக்கத்து வெளிமூலையில் கண்ணீர்ச் சுரப்பி இருக்கிறது. அதிலே இரண்டு விதமான கட்டி வரலாம். ஒன்று, நோகாமல், ஒரு வருடத்துக்கு மேலாக மெல்ல வளர்ந்து எலும்பை வழவழப்பாகக் குழிவாக்கும். அது சாதாரணக் கட்டி. மற்றது, சில மாதங்களுக்குள்ளேயே நோவோடு வளர்ந்து எலும்பை அரிக்கும். சிலருக்கு அந்தப் பக்கத்துத் தோல் மரத்துப் போகும். அது புற்றுநோய்.

பொதுவாகக் கட்டி என்றால் ஒரு சிறு துண்டு வெட்டி எடுத்துச் சோதிப்பார்கள். ஆனால் இந்த முதலாவது சாதாரணக் கட்டியில் அப்படித் துண்டு வெட்டுவதில்லை. மேலே உள்ள உறை கிழிந்தால் மிச்சம் தங்கித் திரும்பவும் வளரும், பிற்காலத்தில் புற்றுநோயாக மாறவும் இடமுண்டு. அதை உறையோடு முழுசாக எடுக்க வேண்டும். இரண்டாவது கட்டியிலோ துண்டு வெட்டிப் பார்த்துத்தான் சிகிச்சையை முடிவு செய்ய வேண்டும். பாருங்கோ, ஒரே இடம், இரண்டு கட்டி, இரண்டு வழி. படமும் "எவ்வளவு காலமாக?" என்ற கேள்விக்கு நீங்கள் சொல்லுகிற சரியான பதிலும் சேர்ந்தால்தான் டொக்டர் சரியான வழியில் போகலாம்.

படம் சொல்லாதது

படம் கடவுள் வாக்கு அல்ல. சில நேரம் கிருமியுமில்லாமல் கட்டியுமில்லாமல் கண்குழி தானாக வீங்கும். அது படத்தில் புற்றுநோய் போலவே தெரியும். சின்னப் புற்றுநோய்க் கட்டி சாதாரணக் கட்டி போல ஓரம் தெளிவாக இருப்பதும் உண்டு. ஆகவே பலருக்குப் படத்துக்குப் பிறகு சதைப் பரிசோதனை தேவைப்படும். கடைசித் தீர்ப்பு அதில்தான். "ஸ்கான் எடுத்தாயிற்று, இன்னும் ஏன் அலைக்கழிக்கிறார்கள்?" என்று கோபித்து இடையிலே நின்றுவிடாதீர்கள்.

கண் தள்ளுவதெல்லாம் கட்டியும் அல்ல. பெரியவர்களுக்குக் கண் முன்தள்ளுவதற்கு முதல் காரணம் தைரொயிட் நோய். அதற்குப் படத்தில் தசைகள் தடித்துத் தெரியும். பிள்ளைகளுக்குக் காய்ச்சலோடு கண் சிவந்து வீங்கித் தள்ளினால், மூக்குப் பக்கத்துக் கிருமி கண்குழிக்குள் போயிருக்கலாம். அதற்கு நாளைக்கு என்று இருக்கக்கூடாது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

தூரம் ஒரு காரணமல்ல

நீங்கள் யோசிப்பது எனக்குத் தெரியும். "லயத்திலிருந்து ரோட்டுக்கு வரவே ஒரு மணித்தியாலம். ஒரு நாள் போனால் ஒரு பேர் போச்சு." உண்மைதான். தூரத்தின் கஷ்டம் யாழ்ப்பாணத்தாருக்கும் தெரியும். 1990 முதல் 2002 வரை ஏ9 பாதை பொதுமக்களுக்கு மூடிக் கிடந்தது. பெரிய சோதனைக்கு ஒரு நோயாளியைக் கொழும்புக்கு அனுப்புவது லேசான காரியமாக இருக்கவில்லை.

நேற்று நீங்கள் கீரிமலைக்குப் போன வழியில் தெல்லிப்பழை இருக்கிறது. அங்கே ஒரு புற்றுநோய் ஆஸ்பத்திரி இருக்கிறது. 2011 யூலையில் தெற்கே தெய்வேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரைக்கும் 27 நாள் நடந்து அதற்காகக் காசு சேர்த்தார்கள். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என்று எல்லாரும் கொடுத்தார்கள். 2013இல் அது திறக்கப்பட்டது. முன்பின் தெரியாத ஆட்கள் நமக்காக நாடு முழுக்க நடந்திருக்கிறார்கள். நாம் டிஸ்பென்சரி வரைக்குமாவது நடக்க வேண்டாமா?

உங்களுக்கு வழி இதுதான். முதலில் தோட்ட டிஸ்பென்சரி. அங்கே கடிதம் வாங்கி, நுவரெலியா, பதுளை, கண்டி போன்ற பெரியாஸ்பத்திரியின் கண் கிளினிக். தேவைப்பட்டால் கொழும்புத் தேசிய கண் வைத்தியசாலைக்கோ மகரகமை அபேக்ஷா வைத்தியசாலைக்கோ அவர்களே அனுப்புவார்கள்.

போகும்போது பழைய படம் ஒன்றைக் கொண்டுபோங்கோ. எப்போது தொடங்கியது என்று ஒரு கடதாசியில் எழுதிக்கொண்டு போங்கோ. எடுத்த ஸ்கான் படங்களை அடுப்புப் புகை படாமல் பத்திரமாக வையுங்கோ. அடுத்த முறை ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் உதவும். அறிக்கை இங்கிலிஷிலே இருக்கும். வெட்கப்படாமல், "தமிழிலே விளங்கப்படுத்துங்கள்" என்று கேளுங்கோ. எங்கிருந்தோ வந்த கிறீன் டொக்டர் தமிழ் படித்து நமக்கு வைத்தியம் சொன்னார். நம்முடைய உடம்பைப் பற்றி நம்முடைய பாஷையில் கேட்பதற்கு நாம் ஏன் கூச வேண்டும்?



உரைக்குப் பிறகு கேட்ட கேள்விகள்

தாய் ஒருவர்: ஐயா, கட்டியிலே கத்தி பட்டா, ஊசி பட்டா அது உடம்பெல்லாம் பரவிடும்னு சொல்றாங்களே?

பதில்: அம்மா, அந்தப் பயத்தினால்தான் பல பேர் பிந்தி வருகிறார்கள். துண்டு வெட்டக்கூடாத கட்டி எது என்பதைப் படத்தை வைத்து முன்கூட்டியே யோசித்துத்தான் கண் டொக்டர் கை வைப்பார். பரிசோதனையினால் வருகிற கெடுதியைவிட, பரிசோதிக்காமல் விடுவதால் வருகிற கெடுதிதான் பெரிது.

தொழிற்சாலைத் தொழிலாளி ஒருவர்: எம்.ஆர்.ஐ. எடுத்தா ஏதும் ஆபத்து உண்டுங்களா?

பதில்: இடி இடிக்கிறது போலச் சத்தம் கேட்கும், அசையாமல் படுத்திருக்க வேண்டும். கதிர் கிடையாது. ஆனால் அது பெரிய காந்தம். தாலி, மூக்குத்தி, காப்பு, கொலுசு எல்லாம் கழற்ற வேண்டும். தம்பி, உங்களைப் போன்றவர்கள் இன்னொன்றும் சொல்ல வேண்டும். கவ்வாத்துக் கத்தி தீட்டும்போதோ இரும்பு கிரைண்ட் பண்ணும்போதோ எப்போதாவது கண்ணிலே இரும்புத் தூள் பாய்ந்திருந்தால் கட்டாயம் முன்னாலேயே சொல்லுங்கோ. காந்தம் அந்தத் தூளை இழுத்தால் கண்ணுக்கே சேதம். சி.ரி. ஸ்கானில் எக்ஸ்ரே கதிர் உண்டு, ஆகவே கர்ப்பமாக இருந்தால் சொல்ல வேண்டும். மருந்து ஏற்றுவதற்கு முன், சிறுநீரக வருத்தம், நீரிழிவு, மருந்து ஒவ்வாமை இருந்தாலும் சொல்ல வேண்டும்.

பிள்ளை மடுவத்தில் பணிபுரியும் ஒருவர்: சின்னப் பிள்ளைங்ககிட்ட நாங்க எதைக் கவனிக்கணும்?

பதில்: கண் தள்ளுவது, புதிதாக மாறுகண் விழுவது, ஒரு கண்ணிமை மட்டும் வீங்கி நாளுக்கு நாள் கூடுவது. இன்னொன்று முக்கியம், தங்கச்சி. போனிலே வெளிச்சம் அடித்துப் படம் எடுக்கும்போது கண்மணி சிவப்பாக வராமல், ஒரு கண்ணில் மட்டும் பூனைக்கண் போல வெள்ளையாகத் தெரிந்தால், அது கண்ணுக்குள்ளே வருகிற புற்றுநோயாக இருக்கலாம். வேறு காரணமும் இருக்கலாம். ஆனால் அந்தக் கிழமைக்குள்ளேயே கண் டொக்டரிடம் காட்ட வேண்டும். கண்ணுக்குள் இருக்கும்போதே கண்டுபிடித்தால் பிள்ளையைக் காப்பாற்றலாம். விட்டால் அது கண்குழிக்கும் பிறகு மூளைக்கும் போய்விடும். போனிலே இருக்கிற பிள்ளைகளின் படங்களை இன்று பஸ்ஸிலே திரும்பிப் போகும்போதே ஒரு தடவை பார்த்துக்கொண்டு போங்கோ.